மலை ஏற்றத்தில் எப்போதாவது மட்டும் திணறும் பழைய பெட்ரோல் கார்: எங்கிருந்து தேடுவது?

கேள்வியை ஒருமுறை திரும்பச் சொல்லிவிடுகிறேன். உங்களுடையது 2006 மாடல், மூன்று சிலிண்டர் பெட்ரோல் கார். 1,10,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. கோத்தகிரியிலிருந்து குன்னூருக்கு தினமும் வேலைக்குப் போய் வருகிறீர்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் காலையில் ஏற்றத்தில் வண்டி குலுங்குகிறது, ஆக்ஸிலேட்டரை மிதித்தால் இழுக்காமல் தயங்குகிறது, கொஞ்ச தூரம் போனதும் தானாகவே சரியாகிவிடுகிறது. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் அன்றைக்கு ஒன்றுமே இல்லை. ஸ்பார்க் பிளக் மாற்றினீர்கள், இரண்டு வாரம் நன்றாக ஓடியது, மறுபடி அதே கதை. பெட்ரோல் ஃபில்டர் மாற்றியாயிற்று, பம்பும் மாற்றியாயிற்று. இப்போது ஒருவர் "இ.சி.எம். போயிருக்கும், மாற்றிப் பார்க்கலாம்" என்கிறார். இ.சி.எம். என்பது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர். மாற்றுவதா, இல்லை வண்டியையே கொடுத்துவிடுவதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அடுத்து எந்த பார்ட்டை மாற்றுவது என்று கேட்பது போலத் தெரிந்தாலும், மெக்கானிக் பார்க்கும்போது ஒளிந்துகொள்கிற கோளாறை எப்படிப் பிடிப்பது என்பதுதான் உங்கள் பிரச்சினை. அதற்கே பதில் சொல்கிறேன். ஐ.டி.ஐ. முடித்து மேட்டுப்பாளையத்தில் தொழில் பழகி, பிறகு குன்னூருக்கு வந்து, எல்லாம் சேர்த்து 26 வருடம் இந்த வேலையில் இருக்கிறேன். கார்புரேட்டர் காலத்து வண்டியும் பார்த்தேன், இன்றைய வண்டியும் பார்க்கிறேன். ஆனால் உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை, அதன் சத்தத்தைக் கேட்கவில்லை. அதனால் இதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்கிற வரிசை இது.

உறுதியாகச் சொல்லக்கூடிய முதல் விஷயம், வந்து வந்து போகும் கோளாறு சும்மா வருவதில்லை. ஈரம், சூடு, லோடு, சரிவு, டேங்கில் இருக்கும் பெட்ரோல் அளவு, அதிர்வு, இவற்றில் ஒன்றோ இரண்டோ சேரும்போதுதான் வரும். அதனால் பணம் எதுவும் செலவழிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் வண்டியில் போட்டு வையுங்கள். திணறிய ஒவ்வொரு முறையும், வண்டியை ஓரமாக நிறுத்திய பிறகு, சில விவரங்களை எழுதுங்கள்: ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம் ஆனது, மழையா பனிமூட்டமா வெயிலா, முந்தின இரவு மழை பெய்ததா, எந்த கியர், ஏற்றமா இறக்கமா, ஆக்ஸிலேட்டரை அழுத்தியிருந்தீர்களா லேசாக வைத்திருந்தீர்களா, பெட்ரோல் முள் எங்கே நின்றது, ஹெட்லைட்டும் வைப்பரும் ஓடிக்கொண்டிருந்தனவா, எப்படிச் சரியானது. திணறாத நாளையும் ஒரு வரி எழுதுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் மெக்கானிக்குக் கிடைக்காத ஒன்று உங்கள் கையில் இருக்கும்.

இ.சி.எம். பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். அது கெடவே கெடாது என்று சொல்லவில்லை, தண்ணீர் உள்ளே போய்க் கெட்ட இரண்டு மூன்றைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அதற்கு வரும் கரண்ட், எர்த், கப்ளர் (ஒயர்களைச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) எல்லாம் சரியாக இருக்கிறது என்று மீட்டர் வைத்து நிரூபித்த பிறகுதான் அந்தப் பேச்சே எடுக்க வேண்டும். "மாற்றிப் பார்க்கலாம்" என்பதில் மாற்றுவதற்கு நீங்கள் பணம் கொடுக்கிறீர்கள், பார்ப்பது மட்டும் நடப்பதே இல்லை.

சரி, உங்கள் கேள்வியிலேயே இரண்டு தடயங்கள் இருக்கின்றன. பெரும்பாலும் காலையில், அதுவும் மழைக்கு மறுநாள் என்று கடைசி வரியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று, புது பிளக் போட்டதும் இரண்டு வாரம் நன்றாக ஓடியது. இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என் முதல் சந்தேகம் காயிலிலிருந்து பிளக் வரை போகும் ஹை டென்ஷன் பக்கம். அதாவது பிளக் ஒயர், அதன் நுனியில் இருக்கும் ரப்பர் குல்லா, தீப்பொறிக்கான அதிக வோல்டேஜை உண்டாக்கும் காயில்.

ஏன் ஏற்றத்தில் மட்டும் என்றால், ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் அதிகக் காற்று நிறைகிறது, அமுக்கம் கூடுகிறது. அமுக்கம் கூடின காற்றைத் தாண்டி பிளக்கின் நுனியில் தீப்பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். சமவெளியில் லேசாக ஓட்டும்போது குறைந்த வோல்டேஜிலேயே பொறி விழுந்துவிடும். ஏற்றத்தில் வோல்டேஜ் ஏற ஏற, கரண்ட் தனக்குச் சுலபமான வேறு வழி இருக்கிறதா என்று தேடும். வெடித்துப்போன பழைய ஒயரின் மேல் பனித்துளி படிந்திருந்தால் அதுதான் அந்த வழி. பொறி பிளக்கில் விழாமல் வெளியே இன்ஜின் பிளாக்கில் விழும். மூன்று சிலிண்டர் வண்டியில் ஒன்று வேலை செய்யாவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தி போய்விடும், அதனால்தான் அப்படிக் குலுங்குகிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் இன்ஜின் சூட்டில் ஈரம் காய்ந்துவிடும், வண்டி சரியாகிவிடும். நீங்கள் பதினொரு மணிக்கு மெக்கானிக்கிடம் போகிறீர்கள். அவர் பார்க்கும்போது எல்லாம் காய்ந்து கிடக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, நீங்களும் பொய் சொல்லவில்லை.

இதைச் சோதிப்பது சுலபம். இரவில், விளக்கில்லாத இடத்தில், வண்டியை நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு நிறுத்தி, பானெட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிடுங்கள். செடிக்குத் தெளிக்கும் ஸ்பிரே பாட்டிலில் தண்ணீர் எடுத்து, பிளக் ஒயர்கள் மேலும் காயில் மேலும் பனி போல லேசாக அடியுங்கள், ஊற்ற வேண்டாம். கசிவு இருந்தால் நீல நிறத்தில் பொறி ஓடுவது கண்ணுக்குத் தெரியும், டிக் டிக் என்று சத்தம் கேட்கும், இன்ஜினும் அதே நேரத்தில் மிஸ் அடிக்கும், அதாவது ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டுப்போகும். கையால் எதையும் தொடாதீர்கள். அங்கே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் போகும். சால்வை, துப்பட்டா, மஃப்ளர் எதுவும் பெல்ட் பக்கம் தொங்கக் கூடாது. தனியாகச் செய்யாமல் இன்னொருவரையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இன்ஜின் ஆறியதும் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கான் மேல் நீளவாக்கில் பென்சிலால் கோடு போட்டது போல ஒரு கருப்புக் கோடு இருந்தால் அதுதான் கரண்ட் நடந்த பாதை. குல்லாவின் உட்புறத்திலும் அதே இடத்தில் ஒரு கோடு இருக்கும். புது பிளக்கை அந்தப் பழைய குல்லாவுக்குள்ளேயே செருகினால் சில நாளில் புது பிளக்கிலும் அதே கோடு விழுந்துவிடும். உங்களுக்கு இரண்டு வாரம் நன்றாக ஓடி மறுபடி கெட்டது இதனால் என்றுதான் நான் நினைக்கிறேன். மல்டிமீட்டர் இருந்தால் ஒவ்வொரு ஒயரின் ரெசிஸ்டன்ஸையும் அளந்து ஒப்பிடுங்கள். நீளத்துக்குத் தக்கபடி கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், ஆனால் ஒன்று மட்டும் மற்றவற்றைப் போல மூன்று நான்கு மடங்கு காட்டினால் அது போய்விட்டது. மாற்றும்போது ஒயர்களை செட்டாகவே மாற்றுங்கள், பிளக்கையும் கூடவே மாற்றுங்கள், குல்லாவுக்குள் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கோத்தகிரிப் பக்கம் நாள்கணக்கில் ஈரம் விடாது. அந்த மாதங்களில் இதே புகாரோடு என்னிடம் வரும் வண்டிகளில் பாதிக்கு மேல் இந்த ஒயர் வேலைதான்.

தண்ணீர் அடித்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அடுத்ததாக எர்த்தும் கப்ளர்களும். பேட்டரியின் மைனஸிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் ஒயரின் நுனி பச்சை பூத்திருக்கும், போல்ட்டுக்கு அடியில் துரு இருக்கும். இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட், வைப்பர், புளோயர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸ் மேலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. அப்படியே பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே அளந்தால் 13.8-லிருந்து 14.5 வரை இருக்க வேண்டும். பிறகு இன்ஜின் ஓடும்போதே இன்ஜெக்டர் (பெட்ரோலைத் தெளிக்கும் பாகம்) கப்ளர், சென்சார் கப்ளர் ஒவ்வொன்றையும் மெதுவாக ஆட்டிப் பாருங்கள், ஹை டென்ஷன் ஒயர்களை மட்டும் தொடாமல். ஒன்றை ஆட்டும்போது இன்ஜின் சத்தம் மாறினால் தேடல் முடிந்தது.

இங்கே எலியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. குளிர்காலத்தில் சூடான இன்ஜின் அதற்கு நல்ல படுக்கை. வெலிங்டன் பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியையின் கார் வந்தது. வேறொரு இடத்தில் இரண்டு முறை பம்ப் மாற்றியிருந்தார்கள். நான் இரண்டு நாள் ஓட்டியும் திணறவில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை மூடுபனியில் ஸ்டார்ட் செய்தபோதுதான் திணறியது. கப்ளரை ஆட்டிக்கொண்டே வந்தேன், இரண்டாம் சிலிண்டர் இன்ஜெக்டர் ஒயரின் அடிப்பக்கத்தில் எலி தோலை மட்டும் கடித்திருந்தது. உள்ளே செம்பு பச்சையாகிப் பாதி அரித்துப்போயிருந்தது. மேலிருந்து பார்த்தால் ஒயர் முழுசாகத் தெரியும். அரை மணி நேர சால்டரிங் வேலை. அந்த அம்மா அதற்கு முன் செலவழித்ததை நினைத்தால் இப்போதும் மனம் வலிக்கிறது.

அடுத்து ஒன்று, மலையில் ஓடும் வண்டிகளுக்கு முக்கியமானது, ஆனால் யாரும் பார்ப்பதில்லை. உங்கள் வண்டியில் தெர்மோஸ்டாட், அதாவது இன்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாத வால்வு, இருக்கிறதா என்று கேளுங்கள். சமவெளியில் எப்போதோ வண்டி சூடேறியிருக்கும், யாரோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டு "இனி சூடாகாது" என்று அனுப்பியிருப்பார்கள். பழைய வண்டியை இரண்டாம் கையாக வாங்கியிருந்தால் இதற்கு நிறையவே வாய்ப்பு. தெர்மோஸ்டாட் ஏறக்குறைய 80 டிகிரிக்கு மேல்தான் திறக்க வேண்டும். அது இல்லையென்றால் நம் ஊர் குளிரில் இன்ஜின் முழுச் சூட்டுக்கு வரவே வராது. கம்ப்யூட்டர் இன்ஜின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்து பெட்ரோலை அதிகமாக அடித்துக்கொண்டே இருக்கும், பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும். அடையாளம் என்னவென்றால், அரை மணி நேரம் ஓட்டியும் டெம்பரேச்சர் முள் கீழேயே கிடக்கும், ஹீட்டர் இருந்தால் வெதுவெதுப்பாகத்தான் வரும், பிளக் நுனி வறண்ட கரியாக இருக்கும். தெர்மோஸ்டாட் திரும்பப் போட்டாலே பாதி வண்டிகள் குணமாகிவிடும். வண்டி சூடேறியதற்கான காரணத்தையும் பார்க்க வேண்டும் என்பது தனி விஷயம்.

"மலையில் காற்று குறைவு, பழைய வண்டி அப்படித்தான் இருக்கும்" என்று உங்களிடம் ஒருவர் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். அதில் பாதிதான் உண்மை. கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, இன்ஜின் சக்தியும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். கார்புரேட்டர் வண்டி மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும்போது பெட்ரோல் அதிகமாகித் திணறியது நிஜம், நாங்கள் ஜெட் (பெட்ரோல் வரும் சிறு துளை) மாற்றிக் கொடுத்ததும் நிஜம். ஆனால் உங்களுடையது எம்.பி.எஃப்.ஐ. வண்டி, கம்ப்யூட்டர் சொல்லும் அளவுக்கு இன்ஜெக்டர்கள் பெட்ரோல் தெளிக்கும் வகை. காற்றழுத்தத்தை மேப் சென்சார் அளந்து சொல்லும், கம்ப்யூட்டர் அதற்கேற்ப பெட்ரோலைக் குறைத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக, கோத்தகிரியின் உயரம் திங்கட்கிழமையும் வெள்ளிக்கிழமையும் ஒன்றுதான். உயரம்தான் காரணம் என்றால் தினமும் திணற வேண்டும். இழுவை குறைவாக இருப்பதற்கு உயரம் காரணமாக இருக்கலாம், வந்து போகும் குலுங்கலுக்கு இருக்க முடியாது. ஒரே ஒரு விஷயம், அந்த மேப் சென்சாருக்கு சில வண்டிகளில் ஒரு மெல்லிய ரப்பர் ஹோஸ் போகும். அது வெடித்திருந்தாலும் நுனி தளர்ந்திருந்தாலும் கணக்குத் தப்பும். ஹோஸ்களை எல்லாம் கையால் வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள், விலை ஒன்றும் பெரிதில்லை.

இறக்கத்தில் வரும் தயக்கத்தைத் தனியாக எழுதி வையுங்கள், ஏற்றத்துத் திணறலோடு சேர்க்காதீர்கள். மேட்டுப்பாளையம் வரை இரண்டாம் கியரில் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு இறங்கும்போது கம்ப்யூட்டர் பெட்ரோலை முழுதாக நிறுத்திவிடும். வேகம் குறைந்ததும் மறுபடி அடிக்கத் தொடங்கும், அப்போது வரும் சின்ன உதறல் இயல்பானது. ஆனால் இறங்கி முடித்து கிளட்சை மிதித்ததும் ஐடிலிங் விழுந்து அணைகிறது என்றால் இன்ஜினுக்குக் காற்று போகும் திராட்டில் பாடியில் கரி, அல்லது ஐடிலிங்கைக் கவனிக்கும் ஐடில் வால்வு அழுக்கு. கழற்றிச் சுத்தம் செய்தால் போதும். நீண்ட இறக்கத்துக்குப் பிறகு ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் நீலப் புகை வந்தால் வால்வு சீல் வழியாக ஆயில் உள்ளே வருகிறது, அதனால் பிளக் எண்ணெய் பிடிக்கும்.

பெட்ரோல் பக்கம் ஃபில்டரும் பம்பும் புதியவை, அதனால் கீழே வைக்கிறேன். ஆனாலும் பிரஷரை யாராவது கேஜ் வைத்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள், இந்த வகை வண்டிகளில் 3 பார் சுற்றி இருக்கும். நோட்டில் திணறல் எல்லாம் முள் கால் டேங்குக்குக் கீழே இருந்த நாள்களிலும் கொண்டை ஊசி வளைவுகளிலுமே விழுந்திருந்தால், பெட்ரோல் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுகிறது என்று அர்த்தம். இரண்டு வாரம் டேங்கை அரைக்குக் குறையாமல் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்தான் காரணமா என்று கேட்டிருந்தீர்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அளவு மீறினால் பெட்ரோலிலிருந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். இது உறுதி. 2006-இல் செய்த வண்டியின் ரப்பர் ஹோஸ்கள் 20 சதவீத எத்தனாலை நினைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதும் உறுதி, அவை ஊறி மெத்தென்று ஆகியிருக்கின்றனவா, பெட்ரோல் வாடை வருகிறதா என்று பாருங்கள். ஆனால் உங்கள் திணறலுக்கு அதுதான் காரணம் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கலவை தினமும் ஒன்றுதான், திணறல் தினமும் இல்லை. சந்தேகத்தைத் தீர்க்க, மெக்கானிக்கிடம் சொல்லி டேங்கின் அடியிலிருந்து அரை லிட்டர் ஒரு கண்ணாடி பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் டேங்கைக் கழுவ வேண்டும். தெரியாவிட்டால் எத்தனாலை இப்போதைக்கு விட்டுவிடலாம்.

செக் இன்ஜின் லைட் எரியவில்லை, அதனால் கோளாறு இல்லை என்று ஸ்கேனர் வைத்தவர் சொன்னாராம். நம் நாட்டில் கார்களுக்கு ஓ.பி.டி., அதாவது வண்டி தன் கோளாறைத் தானே கண்டறியும் ஏற்பாடு, 2010 ஏப்ரலில்தான் முதல் கட்டமாகக் கட்டாயமானது. அதற்கு முந்தைய வண்டிகள் சென்சார் ஒயர் அறுந்தால் சொல்லும், சிலிண்டர் மிஸ் அடிப்பதைப் பெரும்பாலும் எண்ணாது. லைட் எரியாதது எதையும் நிரூபிக்காது. சாவியை ஆன் செய்ததும் அந்த லைட் ஒருமுறை எரிந்து அணைகிறதா என்றும் பாருங்கள். பல்பையே கழற்றிவிட்டு விற்ற வண்டிகள் என்னிடம் வந்திருக்கின்றன.

இத்தனையும் பார்த்து ஒன்றும் கிடைக்கவில்லை என்றால்தான் கம்ப்ரஷன் (சிலிண்டரின் அமுக்கம்), வால்வு கிளியரன்ஸ் (வால்வின் இடைவெளி), அடைத்துக்கொண்ட கேட்டலிடிக் கன்வர்ட்டர் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்) பக்கம் போக வேண்டும். ஆனால் இவை பெரும்பாலும் வந்து போகாது, வந்தால் தங்கிவிடும், நாளாக நாளாக மோசமாகும். அதனால் உங்கள் விஷயத்தில் இவற்றின் மேல் எனக்குச் சந்தேகம் குறைவு. சூடான நாள்களில் மட்டும், அரை மணி நேரம் ஓடிய பிறகு சட்டென்று அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆகிறது என்றால் இன்ஜின் சுழற்சியைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சாரைப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பது அதற்கு நேர் எதிர்.

கோளாறு கிடைக்கும் வரை ஓட்டுவதானால் ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். இன்ஜின் அணைந்துவிட்டால் பெடலை லேசாக்கும் பிரேக் பூஸ்டரில் மிச்சமிருக்கும் வேக்யூம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும், அதன் பிறகு பெடல் கல் போலாகிவிடும். இறக்கத்தில் அணைந்தால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே அழுத்தாக அழுத்தி, கியரிலேயே வைத்து, ஓரம் கட்டுங்கள். நியூட்ரலில் இறங்கவே கூடாது. பலமாக மிஸ் அடிக்கும் வண்டியை இழுத்துக்கொண்டே ஓட்டினால் எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரியும், அது பழுக்கக் காய்ந்துவிடும். அப்படி ஓட்டி வந்த வண்டியைக் காய்ந்த புல் மேல் நிறுத்தாதீர்கள்.

வண்டியைக் கொடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து. இந்த மூன்று சிலிண்டர் இன்ஜின் எளிமையானது, உதிரிபாகம் எங்கும் கிடைக்கும், கோத்தகிரி ரோட்டுக்கு அளவான வண்டி. பாடியின் அடிப்பகுதி துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தால் மட்டும் யோசிக்கலாம். இன்ஜின் திணறுகிறது என்பதற்காகக் கொடுத்தால் மிகக் குறைந்த விலைக்குத்தான் போகும், வாங்கியவர் ஒயர் செட் மாற்றி ஓட்டிக்கொண்டிருப்பார்.

அடுத்த முறை மெக்கானிக்கிடம் பகலில் கொண்டுபோகாதீர்கள். மழை பெய்யும் மாலையாகப் பார்த்து வண்டியை அவரிடம் விட்டுவிட்டு, ஷெட்டுக்குள் ஏற்றாமல் வெளியே நிறுத்தச் சொல்லுங்கள். காலை ஆறரை மணிக்கு நீங்களும் போய்விடுங்கள். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, இன்ஜின் சூடாவதற்கு முன்னால், வழக்கமாகத் திணறும் அந்த ஏற்றத்தில் நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். நோட்டையும் அவர் கையில் கொடுங்கள்.